ஃபிக்மா மட்டும் தெரிந்தால் வெப் டிசைனர் ஆகிவிடலாமா?

ஜூன் 2, காலை 9.40 (கேள்வி)

ஃபிக்மா (திரைப் பக்கங்களை வரையும் கருவி) எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வேலை விளம்பரங்களைப் பார்த்தால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், வேர்ட்பிரஸ், எஸ்இஓ, போட்டோஷாப், அனிமேஷன் என்று அனுமார் வால் மாதிரிப் பட்டியல் நீள்கிறது. இத்தனையும் தெரிந்த ஒரு ஆள் உண்டா? டிசைனருக்குக் கோடிங் தேவையில்லை, அது டெவலப்பர் வேலை என்பது என் கட்சி. தப்பென்றால் எங்கே தப்பு?

ஜூன் 2, 11.15

பாதி சரி. அந்தப் பட்டியல் மூன்று பேர் வேலையை ஒரு சம்பளத்துக்குக் கேட்கிறது. ரியாக்டைத் தூக்கி ஓரமாக வையுங்கள், வேண்டியபோது பார்த்துக்கொள்ளலாம்.

மறுபாதி தப்பு. ஃபிக்மாவில் ஃப்ரேமுக்கு அகலமும் உயரமும் நீங்கள் வைத்ததுதான். பிரவுசரில் அகலத்தைத் தீர்மானிப்பது படிப்பவர் கையில் இருக்கும் கருவி. உயரத்தைத் தீர்மானிப்பது உள்ளே வந்து விழும் எழுத்து. எழுத்தின் அளவைக்கூட அவர் தன் செட்டிங்கில் மாற்றி வைத்திருக்கலாம். 1440-க்கு ஒன்று, 390-க்கு ஒன்று என்று இரண்டு படம் வரைந்து கொடுத்தால், நடுவில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் அகலங்களில் என்ன நடக்கும் என்று யாருமே முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். அதை டெவலப்பர் அவசரத்தில் முடிவு செய்வார். அப்புறம் "நான் வரைந்த மாதிரி வரவில்லை" என்று சண்டை.

எனவே கட்டாயம் என்று நான் சொல்வது எச்டிஎம்எல் (பக்கத்தின் கட்டமைப்பை எழுதுவது), சிஎஸ்எஸ் (அதன் தோற்றத்தை எழுதுவது) இரண்டு மட்டும். அவையும் உடைவது ஏன் என்று பார்த்துச் சொல்லும் அளவுக்கு. ஜாவாஸ்கிரிப்ட் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

ஜூன் 2, 11.50

"எந்த அளவுக்கு" என்று கேட்பீர்கள். ஒரு சோதனை. கீழே உள்ளவற்றுக்குக் காரணம் சொல்ல முடிந்தால் சிஎஸ்எஸ் போதுமான அளவு வந்துவிட்டது.

ஃப்ளெக்ஸ் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) வரிசையில் ஒரு பெட்டிக்குள் நீளமான மின்னஞ்சல் முகவரி வருகிறது. பெட்டி சுருங்க மறுத்து முழுப் பக்கத்தையும் வலப்பக்கம் தள்ளுகிறது. காரணம், ஃப்ளெக்ஸ் உருப்படியின் மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) இயல்பாக 'ஆட்டோ'. உள்ளடக்கத்தின் மிகச் சிறிய அகலத்துக்குக் கீழே அது போகாது. மின்-விட்த் 0 என்று கொடுத்தால் சுருங்கும், உடையாத அந்த நீள முகவரியை மடிக்க ஓவர்ஃப்ளோ-ராப் வேண்டும். கிரிட்டில் (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) இதே நோய் 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்ற வேடத்தில் வரும். அங்கே மின்மேக்ஸ் (கீழ் எல்லை, மேல் எல்லை) 0, 1எஃப்ஆர் என்று எழுத வேண்டும்.

தலைப்புப் பட்டை ஸ்டிக்கி (ஸ்க்ரோல் செய்தாலும் மேலே ஒட்டி நிற்பது). ஆனால் ஒட்டவில்லை. 100-க்கு 90 முறை மேலே ஏதோ ஒரு தாய்ப் பெட்டியில் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (வெளியே வழிவதை மறைப்பது) இருக்கும். யாரோ பக்கவாட்டு ஸ்க்ரோலை மறைக்க வைத்த ஒட்டு அது. முந்தின நோயை ஆறாமல் மூடியதால் வந்த நோய்.

பாப்-அப்புக்கு இசட்-இண்டெக்ஸ் (எது மேலே என்று சொல்லும் எண்) 9999 கொடுத்தும் அடியில் கிடக்கிறது. தாய்ப் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மோ (நகர்த்தல், சுழற்றல்), 1-க்குக் குறைந்த ஒபாசிட்டியோ (ஒளிபுகாமை) இருந்தால் அது தனி அடுக்கு ஆகிவிடும். உள்ளே எவ்வளவு பெரிய எண் போட்டாலும் அந்த அடுக்குக்குள்தான் மல்லுக்கட்ட முடியும். ஒன்பதுகளைச் சேர்த்துப் பயனில்லை.

முகப்புப் பகுதிக்கு உயரம் 100விஎச், அதாவது திரையின் உயரம் முழுவதும். போனில் கீழே உள்ள பட்டன் முகவரிப் பட்டைக்குப் பின்னால் ஒளிகிறது. போனில் அந்தப் பட்டை வந்து போகும். விஎச் அது இல்லாத பெரிய உயரத்தைக் கணக்கில் எடுக்கிறது. எஸ்விஎச் (பட்டை இருக்கும்போதுள்ள சிறிய உயரம்) அல்லது டிவிஎச் (பட்டையோடு மாறும் உயரம்) வேண்டும்.

இந்த நான்கும் ஃபிக்மாவில் வரவே வராது. வரைபடம் பொய் சொல்லும் இடங்கள் இவை.

ஜூன் 2, மாலை 4.05

மேலே "100-க்கு 90" என்று எழுதியது பேச்சு வழக்கு. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஸ்டிக்கிக்கு டாப் மதிப்பு கொடுக்க மறப்பதும் உண்டு. தாய்ப் பெட்டியின் உயரம் ஸ்டிக்கி பெட்டியின் உயரமாகவே இருந்தாலும் ஒட்டுவதற்கு இடம் இருக்காது.

ஜூன் 3, காலை 8.20

நிறம். கேள்வி போட்டவர் தன் மாதிரிப் பக்கம் ஒன்றைக் காட்டியிருக்கிறார். அழகாக இருக்கிறது, படிக்க முடியவில்லை. வெளிர் சாம்பலில் 13 பிக்சல் எழுத்து. டிசைனர்களுக்கு வெளிர் சாம்பல் மேல் அப்படி என்ன காதலோ.

விதி எளிது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்). 24 பிக்சலுக்கு மேல் அல்லது தடித்த எழுத்தாக 18.66 பிக்சலுக்கு மேல் இருந்தால் 3-க்கு 1 போதும். உள்ளீட்டுப் பெட்டியின் கோடு, பொருள் தரும் ஐகான் ஆகியவற்றுக்கும் 3-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் வரை போகலாம், அதற்கு மேல் வெளிறக் கூடாது.

ஜூன் 3, 8.55

திருத்தம். 777777 கணக்குப் போட்டால் 4.48. ஃபெயில். 767676-தான் 4.54, அதுதான் எல்லை. ஒரு படியில் தேர்வு போனது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் கண்ணை நம்பாமல் கருவியில் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். எல்லையில் நிற்கவும் வேண்டாம். 595959 என்று வைத்தால் 7-க்கு 1 கிடைக்கும், வெயிலில் போனை வைத்துப் படிப்பவர் வாழ்த்துவார்.

இன்னொன்று: பிழையைச் சிவப்பால் மட்டும் காட்டாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். நிறத்தோடு ஒரு வரி எழுத்தும் வேண்டும்.

ஜூன் 3, 1.30 (கேள்வி போட்டவர்)

எல்லாம் சரி, எழுத்தளவை ரெம்-இல் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவை ஒன்றாகக் கொண்ட அலகு) போடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பிரவுசரில் ஜூம் செய்தால் பிக்சலும்தானே பெரிதாகிறது? அப்புறம் ரெம் எதற்கு?

ஜூன் 3, 2.10

நல்ல கேள்வி. ஜூம் வேறு, இயல்பு எழுத்தளவு வேறு. ஜூம் செய்தால் பிக்சல், ரெம் எல்லாமே பெரிதாகும். ஆனால் பிரவுசர் செட்டிங்கில் இயல்பு எழுத்தளவை 16-இலிருந்து 20 ஆக்கி வைத்திருப்பவருக்கு ரெம்-இல் எழுதியது மட்டும் வளரும். 14 பிக்சல் என்று ஆணி அடித்தால் அவர் செய்த மாற்றம் வீண்.

இரண்டையும் விட மோசம், தலைப்பின் அளவை வெறும் விடபிள்யூ-இல் வைப்பது. ஜூம் செய்தாலும் அது வளராது. திரையின் அகலத்தில் இத்தனை பங்கு என்பதுதானே அதன் கணக்கு, ஜூம் செய்தாலும் பங்கு அதேதான். தலைப்பு அகலத்தோடு வளர வேண்டுமென்றால் கிளாம்ப் எழுதுங்கள். கீழ் எல்லையும் மேல் எல்லையும் ரெம்-இல், நடுவில் ஒரு ரெம்மும் கொஞ்சம் விடபிள்யூவும் கூட்டியது. எழுதிவிட்டு 200 சதவீதம் ஜூம் செய்து, எழுத்து உண்மையில் இரு மடங்கு ஆகிறதா என்று பாருங்கள். மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரண்டரை மடங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

ஜூன் 4, காலை 7.45

படிவம். ஒரு டிசைனரின் தரம் முகப்புப் படத்தில் தெரியாது, படிவத்தில்தான் தெரியும். யாரும் போர்ட்ஃபோலியோவில் படிவம் வைப்பதில்லை, அதனால் வைத்தவர் தனித்துத் தெரிவார்.

பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் எழுத்து லேபிள் ஆகாது. தட்டத் தொடங்கியதும் அது மறைகிறது. பாதியில் போன் அழைப்பு வந்து திரும்பிப் பார்ப்பவருக்கு எந்தப் பெட்டி எது என்று தெரியாது. லேபிள் பெட்டிக்கு மேலே, நிரந்தரமாக.

உள்ளீட்டு எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி பெட்டியைத் தொட்டதும் பக்கத்தையே பெரிதாக்கும். இதைத் தடுக்கிறேன் என்று வியூபோர்ட் வரியில் (பக்கம் திரையில் எந்த அளவில் தெரிய வேண்டும் என்று சொல்லும் வரி) ஜூமைப் பூட்டுகிறவர்கள் உண்டு. தலைவலிக்குத் தலையை வெட்டுவது அது. எழுத்தை 16 ஆக்கினால் முடிந்தது.

பின்கோடு, ஓடிபி, போன் எண் இவற்றுக்கு வகை 'நம்பர்' வேண்டாம். அவை எண்ணாகத் தெரிகின்றன, ஆனால் கூட்டிக் கழிக்கும் எண் இல்லை. எண்ணாக மாற்றும் இடத்தில் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும், சில பிரவுசர்களில் மவுஸ் சக்கரம் பட்டாலே மதிப்பு மாறும். வகை 'டெக்ஸ்ட்', இன்புட்மோடு 'நியூமெரிக்' என்று வைத்தால் எண் விசைப்பலகையும் வரும், பூஜ்யமும் தங்கும். ஆட்டோகம்ப்ளீட் பண்பையும் சரியாக எழுதச் சொல்லுங்கள். பெயர், முகவரி எல்லாம் தானாக நிரம்பும்.

தொடும் இடங்களுக்கு 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (எல்லோரும் பயன்படுத்தும்படி பக்கம் அமைப்பதற்கான வழிகாட்டி), 24-க்கு 24 பிக்சலைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. அது அடிமட்டம். 44 வைத்தால் கட்டைவிரல் திட்டாது.

ஜூன் 4, 10.20

நேற்று சொல்ல விட்டது: சிஎஸ்எஸ்ஸில் அவுட்லைன் 'நன்' (வளையம் வேண்டாம்) என்று எழுதி ஃபோகஸ் வளையத்தை அழிப்பது. "அசிங்கமாக இருக்கிறது" என்று டிசைனர்தான் கேட்கிறார், டெவலப்பர் அழிக்கிறார். கீபோர்டில் போகிறவருக்கு அந்த வளையம்தான் கண். பிடிக்காவிட்டால் வேறு வளையம் வரையுங்கள், 2 பிக்சல் கோடு, 2 பிக்சல் இடைவெளி. மவுஸில் அழுத்துபவருக்குத் தெரியாமல் கீபோர்டுக்கு மட்டும் காட்ட ஃபோகஸ்-விசிபிள் இருக்கிறது.

அதே மூச்சில்: ஒரு பட்டனை வரைந்தால் ஆறு பட்டன் வரைந்தாக வேண்டும். சாதாரணம், மவுஸ் மேலே வரும்போது, ஃபோகஸ், அழுத்தும்போது, செயலற்றது, காத்திருப்பது. ஒரு பட்டியலை வரைந்தால் காலி, ஒரே ஒரு உருப்படி, 200 உருப்படி, பிழை, ஏறிக்கொண்டிருப்பது. அழகான மூன்று அட்டை மட்டும் வரைந்து கொடுத்தால் மற்றதை யார் வரைவது?

ஜூன் 4, இரவு 9.00

படங்கள் பற்றிச் சுருக்கமாக. லோகோ, ஐகான் என்றால் எஸ்விஜி. புகைப்படம் என்றால் வெப்பி அல்லது ஏவிஃப். 400 பிக்சல் இடத்துக்கு 4000 பிக்சல் படம் ஏற்றாதீர்கள், 800 போதும். அகலம், உயரம் இரண்டையும் பட டேக்கில் எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்போது கீழே உள்ளது எல்லாம் குதிக்கும், வாசகர் வேறு எதையோ அழுத்திவிடுவார். எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போது மட்டும் ஏற்றுவது) போடுங்கள்.

ஜூன் 5, காலை 6.50

இல்லை, எல்லாப் படத்துக்கும் இல்லை. இரவில் அவசரத்தில் எழுதியது, கீழே ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். திரையில் முதலிலேயே தெரியும் பெரிய படத்துக்கு லேசி போட்டால் அதுவே தாமதமாகும். கூகுள் பார்க்கும் மூன்று எண்களில் முதலாவது அந்தப் பெரிய உருப்படி 2.5 நொடிக்குள் தெரிகிறதா என்பது. அந்தப் படத்துக்கு லேசி வேண்டாம், ஃபெட்ச்பிரையாரிட்டி 'ஹை' (இதை முதலில் கொண்டுவா) வையுங்கள். கீழே இருப்பவற்றுக்கு மட்டும் லேசி.

மற்ற இரண்டு: குதிக்கும் அளவு 0.1-க்குள், அழுத்தியதும் பதில் 200 மில்லிநொடிக்குள். இந்தக் கடைசியானது 2024 மார்ச்சில்தான் பழைய எஃப்ஐடி-க்குப் (முதல் அழுத்தத்தின் தாமதம்) பதிலாக வந்தது. பழைய கட்டுரைகளைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்றும் நிஜ வாசகர்களின் வருகைகளில் 75-ஆவது சதமானத்தில் அளக்கப்படுபவை, நூற்றுக்கு 75 வருகையாவது எல்லைக்குள் இருக்க வேண்டும், அதாவது உங்கள் மேசைக் கணினியில் வேகமாக வருவது சாட்சி ஆகாது.

ஜூன் 5, 11.30 (இன்னொருவர்)

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனியாக ஏதாவது? ஆங்கில டெம்ப்ளேட்டில் தமிழை ஊற்றினால் எல்லாம் நசுங்குகிறது.

ஜூன் 5, 12.40

நசுங்கத்தான் செய்யும். மேலே புள்ளியும் சுழியும், கீழே வாலும் இருக்கும் எழுத்துக்கு வரி உயரம் 1.4 போதாது. 1.6-இலிருந்து 1.8 வரை வைத்துப் பாருங்கள். பட்டனின் உயரத்தைப் பிக்சலில் பூட்டாமல் பேடிங் கொடுங்கள், 'கூ' 'ஞூ' கால் வெட்டுப்படாது.

தமிழ்ச் சொல் நீளும். 'வாடிக்கையாளர்களுக்கான' என்பதை 320 அகலத் திரையில் 40 பிக்சல் தலைப்பாக வைத்தால் வெளியே பிதுங்கும். ஓவர்ஃப்ளோ-ராப் போட்டு வையுங்கள், ஆனால் அது கடைசித் தற்காப்பு. சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டும். போனில் தலைப்பைச் சிறிதாக்குவதுதான் முறை.

சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு வடிவம் கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கும். தடித்த எடை இல்லாத எழுத்துருவில் போல்டு போட்டாலும் இதே கதை, ஓரம் மெழுகின மாதிரி தெரியும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக்கிப் படிநிலை காட்டும் பழக்கமும் இங்கே செல்லாது. எடை, அளவு, இடைவெளி மூன்றை வைத்துத்தான் காட்ட வேண்டும்.

எழுத்தை எண்ணுவதில் ஒரு பொறி. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்தைக் காட்டும் டிசைன் வைத்தால் 'கோமதி'க்கு 'க' என்று வந்து நிற்கும். '20 எழுத்துக்கு மேல் வெட்டு' என்று எழுதினால் பாதி எழுத்தில் வெட்டும். டிசைன் குறிப்பிலேயே "கண்ணுக்குத் தெரியும் எழுத்தால் எண்ணவும்" என்று எழுதிவிடுங்கள்.

பக்கத்தின் மொழிப் பண்பு 'டிஏ' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்று ஊகிக்கும்.

ஜூன் 6, காலை 10.10

ஒருவர் "ஒரே ஆளிடம் காட்டினேன், அவருக்குப் புரிந்தது" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரே ஆள் பெரும்பாலும் பக்கத்து நாற்காலி. பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2000-இல் எழுதியது இன்றும் நல்ல அளவுகோல்: ஐந்து பேரிடம் சோதித்தால் அவர் கணக்குப்படி 85 சதவீதச் சிக்கல்கள் வெளியே வரும். ஐந்து பேரை ஒரே தடவை வைப்பதை விட, சோதி, திருத்து, மறுபடி வேறு ஐந்து பேர்.

சோதிக்கும் முறை: வேலையைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். "திரும்ப அனுப்பும் விதிமுறையைக் கண்டுபிடியுங்கள்" என்பது சரி. "கீழே மெனுவில் பாருங்கள்" என்றால் பாடம் நடத்திவிட்டீர்கள். அவர் தடுமாறும்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இதில் கடினமான திறமை. "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள்.

ஜூன் 6, 10.35

மேலே உள்ளதற்கு ஒரு வேலி: ஐந்து பேர் சிக்கலைக் கண்டுபிடிக்கத்தான். "இதில் இத்தனை சதவீதம் பேர் வாங்குகிறார்கள்" போன்ற அளவுக்கு ஐந்து பேர் செல்லாது. இரண்டையும் குழப்பி அறிக்கை எழுதினால் கிளையன்ட் முன் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜூன் 6, மாலை 5.20

கிளையன்ட் என்றதும் ஞாபகம். உள்ளடக்கம் வருவதற்கு முன் டிசைன் தொடங்காதீர்கள். பொம்மை எழுத்து ஊற்றி வரைந்த தலைப்பு எப்போதும் ஒரு வரியில் அடங்கும், நிஜத் தலைப்பு மூன்று வரி வரும். முழுதும் கிடைக்காவிட்டால் மிக நீளமான ஒன்று, மிகக் குட்டையான ஒன்று, இரண்டு மாதிரியாவது வாங்குங்கள்.

எத்தனை தடவை திருத்தம் என்பதை வேலை தொடங்கும் முன் எழுத்தில் வையுங்கள். எது திருத்தம், எது புது வேலை என்பதையும். நிறத்தை மாற்றுவது திருத்தம், புதுப் பக்கம் சேர்ப்பது புது வேலை.

டெவலப்பரிடம் கொடுக்கும்போது நிறத்துக்கு வேலையின் பெயர் வையுங்கள். 'நீலம்-2' என்று வைத்தால் நாளை அது பச்சை ஆகும்போது எல்லோரும் 'நீலம்-2' என்ற பச்சையோடு வாழ வேண்டும். 'பட்டன்-முதன்மை' என்றால் சிக்கல் இல்லை. இடைவெளிக்கு 4, 8, 12, 16, 24, 32, 48, 64 என்று ஒரு வரிசை போதும். 17, 23 எல்லாம் ஃபைலில் கிடந்தால் அது முடிவு அல்ல, கை நடுங்கியது.

ஜூன் 7, காலை 9.15

ரெஸ்பான்சிவ் (திரைக்கு ஏற்ப வளையும் டிசைன்) பழைய சமாச்சாரமா என்று கேட்டவருக்கு: வெப் டிசைனர் ஈத்தன் மார்க்கோட் அந்தப் பெயரை வைத்தது 2010-இல். நெகிழும் கட்டம், நெகிழும் படம், மீடியா கொய்ரி (திரையின் அளவைப் பார்த்து மாறும் விதி) என்ற மூன்றும் இன்றும் அடித்தளம்தான். மாறியது, திரையின் அகலத்தைப் பார்த்து மட்டுமே வளைய வேண்டியதில்லை. 2023 பிப்ரவரி முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கன்டெய்னர் கொய்ரி (உறுப்பைச் சுற்றியுள்ள பெட்டியின் அளவைப் பார்த்து மாறும் விதி) ஓடுகிறது. ஒரே அட்டை பக்கப்பட்டியில் ஒடுங்கியும் நடுப்பகுதியில் விரிந்தும் தானே நிற்கும். ஆகவே 'போன் படம், கணினிப் படம்' என்று வரையாமல், இந்த அட்டை 240-இல் எப்படி, 400-இல் எப்படி, 700-இல் எப்படி என்று உறுப்பு உறுப்பாக வரைந்து பழகுங்கள்.

ஜூன் 7, இரவு 8.30 (கேள்வி போட்டவர்)

நீங்கள் சொன்ன மாதிரி என் பக்கத்தை நிஜமாகவே எச்டிஎம்எல்லில் கட்டி, ஜன்னலைச் சுருக்கிப் பார்த்தேன். 1200, 800, 400 எல்லாம் பிரமாதம். 320-இல் பக்கவாட்டு ஸ்க்ரோல் வருகிறது, கொஞ்சூண்டுதான். கிரிட்டில் ஆட்டோ-ஃபிட் (இடத்துக்கு ஏற்றபடி எத்தனை பத்தி என்று தானே முடிவு செய்வது), மின்மேக்ஸ் 300 பிக்சல், 1எஃப்ஆர். இருபக்கமும் 16 பேடிங். ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்டு மூடிவிடட்டுமா?

ஜூன் 7, 8.50

மூடாதீர்கள், முதல் நாள் சொன்ன ஸ்டிக்கி செத்துப்போகும். கணக்குப் போடுங்கள்: 320-இல் 32 பேடிங் போனால் 288. நீங்கள் 300-க்குக் கீழே சுருங்காதே என்று கட்டளை போட்டிருக்கிறீர்கள். 12 பிக்சல் வெளியே. மின்மேக்ஸுக்குள் 300 பிக்சல் இருக்கும் இடத்தில் 'மின்' சார்பை வைத்து 300 பிக்சல், 100 சதவீதம் என்று எழுதுங்கள், இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ளும்.

முடித்ததும் 1280 அகல ஜன்னலில் 400 சதவீதம் ஜூம் செய்தும் பாருங்கள். அதுவும் 320-தான். போனில் பார்ப்பவர் மட்டும் 320-இல் இல்லை.

ஜூன் 7, 9.25 (கேள்வி போட்டவர்)

ஸ்க்ரோல் போய்விட்டது. 400 சதவீதத்தில் மெனு இரண்டு வரியாகி முகப்பை மூடுகிறது. அது ஸ்டிக்கி.

ஜூன் 7, 9.40

உயரம் குறைவான திரையில் ஸ்டிக்கியை எடுத்துவிடுங்கள். மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 30இஎம் (எழுத்தளவைப் போல் 30 மடங்கு) என்ற மீடியா கொய்ரிக்குள் மட்டும் ஸ்டிக்கி எழுதினால் போதும்.